வெறுங்கலமும் பனிக்கட்டிப் பெட்டியும்

மீரியபெத்த மண்சரிவு நிகழ்ந்து சில வாரங்கள் கழிந்திருந்தன. 2014 நவம்பர் மாதக் கடைசி. கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள தோட்டப் பாதையொன்றில், தோளில் நீலநிறப் பெட்டியைத் தொங்கவிட்டபடி இறங்கி வந்துகொண்டிருந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரைச் சந்தித்தேன். நான் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் போகவேண்டிய லயங்கள் எனக்குப் பின்னால் அல்ல, முன்னால்தான் இருந்தன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முதல்நாட் காலையில் புறப்பட்டவர், பாதையின் குறுக்கே மண்மேடு சரிந்து கிடந்ததால் இரவு தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறார். விடிந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் பனிக்கட்டி அனேகமாகக் கரைந்துவிட்டது.

"என்ன மிஸ், திரும்பிப் போறீங்க?" என்றேன்.

"ஐஸ் கரைஞ்சிருச்சு சேர். இனி மேலே ஏறிப் போனா ஊசி மருந்து சூடாகிப் போகும். கெட்ட மருந்த ஏத்தினா பிள்ளைக்கு ஊசி குத்தின வலிதான் மிச்சம். அதான் ஒப்பீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வேற எடுத்துக்கிட்டு வரணும்."

அவர் செய்தது முற்றிலும் சரி. நம் நாட்டில் 1993க்குப் பின்னர் இளம்பிள்ளை வாதம் இல்லை, 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது என்றெல்லாம் நாம் பெருமை பேசுகிறோம் அல்லவா? அப்பெருமையில் பெரும்பங்கு இத்தகைய பெண்களின் கால்களுக்கு உரியது. ஆனால் அன்று நான் செய்தி அனுப்பியபோது இந்தச் சந்திப்பை எழுதவில்லை. புதையுண்டவர்களின் எண்ணிக்கை பற்றிய சர்ச்சையிலும், அமைச்சர்களின் வருகையிலும் ஆசிரிய பீடத்தின் கவனம் இருந்தது. என் கவனமும் அங்கேதான் இருந்தது.

பத்தாண்டுகளுக்கு மேலாக மறந்து கிடந்த அந்தப் பெட்டியை நினைவூட்டியது, அண்மையில் நான் வாசித்த சில ஆய்வுக் கட்டுரைகள். உள்ளீட்டை அகற்றிய பற்றீரியாக் கலங்களைத் தடுப்பு மருந்தாகவும், வேறு தடுப்பு மருந்துகளைச் சுமந்து செல்லும் வாகனமாகவும் பயன்படுத்தும் முறை பற்றியவை அவை. அம்மருந்தை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கிவிடலாம். சாதாரண அறை வெப்பநிலையில் நீண்டகாலம் கெடாமல் வைத்திருக்கலாம். வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதை வாசித்ததும் அந்தப் பெண்ணின் தோள்தான் என் கண்முன் வந்தது.

விஞ்ஞானம் படித்தவனல்லன் நான். எனினும் செய்தியாளன் என்ற முறையில், எனக்கு விளங்கிய அளவுக்கு விளக்க முயல்கிறேன்.

பற்றீரியாக்களைத் தாக்கி வாழும் வைரசுகள் உண்டு. பற்றீரியாதின்னிகள் என்பார்கள். அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று பை எக்ஸ் 174. அதன் மரபுரை முழுவதும் 5,386 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். 1977இல் பிரெட்ரிக் சாங்கரின் குழுவினர் முதன்முதலாக முழுமையாக வாசித்த டீஎன்ஏ மரபுரை இதுதான். வாசித்தபோது ஒரு விசித்திரம் புலப்பட்டது. 'ஈ' எனப் பெயரிடப்பட்ட மரபணு தனக்கென்று தனியிடம் இன்றி, 'டீ' என்ற இன்னொரு மரபணுவுக்குள்ளேயே, எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்து வாசிக்கும்போது வெளிப்படுவதாக அமைந்திருந்தது. நம் புலவர்கள் சிலேடை பாடுவார்களே, ஏறக்குறைய அதுபோல. அந்த 'ஈ' மரபணு தருவது 91 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம். வைரசு தன் குஞ்சுகளை வெளியேற்றுவதற்காகப் பற்றீரியாவின் உடலை உடைப்பதே அதன் வேலை.

வைரசை விட்டுவிட்டு அந்த ஒரு மரபணுவை மட்டும் பற்றீரியாவுக்குள் வைத்து இயக்கினால் என்ன நேரும் என்று 1982இல் ஹென்ரிக், லூபிட்ஸ், பிளாப் ஆகிய மூவர் சோதித்து எழுதினார்கள். பற்றீரியா உடைந்தது. ஆனால் துண்டு துண்டாகச் சிதறவில்லை. வெர்னர் லூபிட்ஸ் பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இதையே தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். கலத்தின் உறையில் ஒரு துளை விழுகிறது, உள்ளிருக்கும் அழுத்தத்தால் உள்ளீடு முழுவதும் அத்துளை வழியே வெளியே பீச்சப்படுகிறது, உறை மட்டும் உருக்குலையாமல் மிஞ்சுகிறது என்று அவரது குழுவினர் 1990 முதல் விரிவாக எழுதி வந்தனர். மரபணுவை இயக்குவதற்கு அவர்கள் கையாண்ட உபாயமும் எளிது. தாழ்ந்த வெப்பநிலையில் அது உறங்கும். 42 பாகைக்குச் சூடாக்கினால் விழிக்கும்.

துளை எப்படி விழுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. அந்தப் புரதமே சுரங்கமாக அமைகிறது என்றனர் வியன்னாவினர். அப்படியன்று, கலச்சுவரைக் கட்டும் நொதியமொன்றின் வேலையை அது தடுத்துவிடுகிறது, மேசனின் கையைக் கட்டிவிட்டால் சுவர் தானாக வலுவிழக்கும் என்றனர் டெக்சாசில் ரை யங் என்பவரும் அவர் குழுவினரும். 2023இல் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகத்தினர் அப்புரதமும் நொதியமும் பிணைந்திருக்கும் அமைப்பைப் படமெடுத்துக் காட்டினர். அது மேசன் கட்சிக்கே வலுச்சேர்த்தது. எப்படியானாலும் மிஞ்சுவது உறைதான் என்பதில் தகராறில்லை.

கலம் என்ற நமது சொல்லுக்குப் பாத்திரம் என்ற பொருளும் உண்டு. தமிழ்நாட்டார் செல் என்று எழுதுவார்கள், இங்கே நம் சொல்லே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் சூட்டிய பெயருக்குப் 'பற்றீரியாப் பேய்கள்' என்று பொருள். தோட்டத்திற்குப் போய் "இந்தாருங்கள், பேயைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறோம், பிள்ளைக்குப் புகட்டுங்கள்" என்று சொன்னால் முனியாண்டி கோயில் பூசாரியை அழைத்து வருவார்கள். ஆகவே நான் வெறுங்கலம் என்றே எழுதுகிறேன்.

அதன் நிலையை நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்வதானால், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர் ஆட்கள் கப்பலேறிப்போன லயக் காம்பராவைச் சொல்லலாம். கூரை இருக்கும், சுவர் இருக்கும், வாசலில் இட்ட சுண்ணாம்புக் கோலமும் இருக்கும். உள்ளே குடியிருப்பவர் எவருமில்லை. வெறுங்கலமும் அவ்வாறே. பெருகவோ நோயுண்டாக்கவோ அதற்கு இயலாது. ஆனால் வெளிப்புறத்தில் பற்றீரியாவுக்குரிய அடையாளங்கள் அத்தனையும் இயல்பாக இருக்கும். நம் உடலின் காவற் கலங்கள் அவ்வடையாளங்களைப் பார்த்துத்தான் எதிரியைத் தெரிந்துகொள்கின்றன. வழக்கமான தடுப்பு மருந்துகளில் கிருமியைச் சூட்டினாலோ போமலின் போன்ற திரவத்தினாலோ கொல்கிறார்கள். அவ்வாறு கொல்லும்போது வெளி அடையாளங்களில் சில சிதைந்துபோக இடமுண்டு. வெறுங்கலத்தில் அந்தச் சேதம் குறைவு.

இன்னொன்று, காலியாக உள்ள காம்பராவில் வேறு ஆட்களைக் குடியேற்றலாம். வேறொரு கிருமியின் புரதத்தையோ அதன் மரபணுத் துண்டையோ வெறுங்கலத்துக்குள் நிரப்பி அனுப்பலாம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிரான்சிஸ் எக்கோ என்ற ஆய்வாளர், உள்ளீட்டை அகற்றிய வாந்திபேதிக் கிருமிக்குள் கிளமிடியா என்ற முற்றிலும் வேறான நோய்க்கிருமியின் புரதத்தை ஏற்றி விலங்குகளில் சோதித்து வந்திருக்கிறார். ஒரே கூடு, பல பயணிகள். இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு முறையும் உண்டு. பற்றீரியா பிரியும்போது சில வேளைகளில் மரபுரையே இல்லாத சிறு கலமொன்று பிறக்கும். அப்படிப் பிறவியிலேயே வெறுமையான கலங்களைக் கொண்டு, குஜராத்திப் பெயருடைய ஹிமான்ஷு பிரம்பட்டும் ஜெனிபர் மக்டயர்மிட்டும் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் புற்றுநோய் மருந்து உருவாக்க முயன்றனர். கொவிட் காலத்தில் அதையே தடுப்பு மருந்தாகவும் மாற்றி, 2021இல் மனிதரில் முதற்கட்டப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் குளிரூட்டாமல் வைத்திருக்கலாம் என்பதே அவர்கள் முன்வைத்த முதன்மையான வாதங்களில் ஒன்று.

இவ்வளவு நல்ல பொருள் நாற்பதாண்டுகளாக ஏன் ஆய்வுகூடத்தைவிட்டு இறங்கவில்லை? பன்றி, மாடு, முயல், எலி ஆகியவற்றில் பலன் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கென உரிமம் பெற்ற வெறுங்கலத் தடுப்பு மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

விஞ்ஞானக் காரணங்கள் சில உண்டு, அவற்றை மறைப்பது முறையன்று. வெறுங்கலத்தின் உறையிலேயே காய்ச்சலை மூட்டும் நச்சுப் பொருள் இருக்கிறது. குடலுக்குள் போனால் அது பெரிய கேடு செய்யாது, குடலில் ஏற்கெனவே அத்தகைய பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஊசியாக ஏற்றினால் கதை வேறு. அடுத்து, கோடிக்கணக்கான கலங்களில் ஒன்றிரண்டு உடையாமல் உயிருடன் எஞ்சிவிட்டால்? எஞ்சியவற்றைக் கொல்ல இரசாயனமும், மிஞ்சும் டீஎன்ஏயைச் சிதைக்க நொதியமும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 'உயிருள்ளது ஒன்றுமில்லை' என்று நிறுவவேண்டும். 1902இல் பஞ்சாப்பின் மல்கோவால் கிராமத்தில் ஒரே ஒரு பிளேக் தடுப்பு மருந்துப் போத்தலில் ஏற்புவலிக் கிருமி கலந்திருந்ததால் 19 பேர் இறந்தார்கள். மருந்தைக் கண்டுபிடித்த வல்தெமார் ஹவ்கின் பழி சுமந்து, சில ஆண்டுகள் கழித்தே அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஒரு போத்தல் தடுப்பூசியின் மீதான மக்கள் நம்பிக்கைக்கு இழைத்த கேடு சிறிதன்று. ஆகவே ஒழுங்குவிதி அதிகாரிகளின் கண்டிப்பை நான் குறைகூறமாட்டேன்.

ஆனால் விஞ்ஞானம் மட்டுந்தான் தடை என்பதை ஏற்க எனக்கு மனமில்லை. வாந்திபேதிக்கான வாய்வழி மருந்தின் கதையைப் பாருங்கள். ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஷான்கோல் என்ற மருந்து கொல்கத்தாவின் சேரிகளில் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்துப் பரீட்சிக்கப்பட்டு, 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. முழுக்கலத்தைக் கொன்று தயாரிக்கும் மருந்து அது. ஏழை நாடுகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2013இல் அவசர இருப்பு ஒன்றைத் தொடங்கியது. நிறுவனத்தை வாங்கியிருந்த பிரெஞ்சுக் கம்பனியான சனோபி, இம்மருந்தின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்தது. பின்னர் நோய் பல நாடுகளில் பரவியது, கையிருப்புப் போதவில்லை. 2022 ஒக்டோபரில், இரண்டு தடவை கொடுக்கவேண்டிய மருந்தை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுமாறு முடிவெடுக்க நேர்ந்தது. அக்கட்டத்தில் உலகின் தேவையைப் பெரும்பாலும் தாங்கிநின்றது தென்கொரியாவின் யூபயோலொஜிக்ஸ்தான். 2024இல்தான் பாரத் பயோடெக்கின் ஹில்கோல் வந்து சேர்ந்தது. நிரூபிக்கப்பட்ட, மலிவான, வேலைசெய்யும் மருந்துக்கே இந்தக் கதி. நிரூபிக்கவேண்டிய வெறுங்கலத்துக்கு யார் பணம் போடுவார்கள்?

அறை வெப்பநிலையில் கெடாமலிருப்பது யாருக்கு வேண்டும்? ஒவ்வொரு மருந்துக்கடையிலும் குளிரூட்டி இருக்கும் நாட்டில் அது ஒரு சிறிய வசதி, அவ்வளவே. அதற்காக அந்நாட்டார் கூடுதலாக ஒரு சதமும் கொடுக்கமாட்டார்கள். அதை உயிர்நாடியாகக் கருதுபவரோ விலை கொடுக்க வல்லவரல்லர். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்கவேண்டும் என்ற விதி வியன்னாவில் ஒரு பெட்டியின் விலை. ஊவாவில் அது ஒரு பெண்ணின் இரண்டு நாள் நடை.

வழி இல்லாமலில்லை. ஆபிரிக்காவின் மூளைக்காய்ச்சல் வலயத்துக்கென உருவாக்கப்பட்ட மென்அப்ரிவக் என்ற தடுப்பூசியைப் பூனாவிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்தது. 2010இல் புர்கினா பாசோ முதலிய நாடுகளில் அதைப் பாவிக்கத் தொடங்கினார்கள். 40 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் நான்கு நாட்கள் வரை குளிரூட்டாமல் வைத்திருக்கலாம் என்று 2012இல் அனுமதி வழங்கப்பட்டது. அந்த நான்கு நாள் அனுமதிக்காகச் சோதனை செய்து, ஆவணம் தயாரித்து, அதிகாரிகளை இணங்கவைக்க யாரோ முனைந்து நின்றார்கள். கொஸ்லந்தைப் பாதையில் நான் கண்ட பெண்ணுக்கு அப்படி நான்கு நாள் கிடைத்திருந்தால் அவர் மேலே ஏறியிருப்பார்.

மீரியபெத்த தோட்டத்தைப் பற்றி எழுதும்போது 'அறிவு இருந்தது' என்ற சொற்றொடர் என்னை உறுத்துகிறது. மலை சரியும் என்பது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில்தான் தெரியவந்த இரகசியமன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்றிடம் இல்லாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி என்ன செய்வார்? பெரட்டுக்களத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் பின்னர் மாக்கல்தெனியாவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் மாற்றப்பட்டன. புதிய வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது அதே பதுளை மாவட்டத்திலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மலைகள் மீண்டும் சரிந்தன. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரிதான்.

மழையும் மண்சரிவும் வந்தபின் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வருமோ என்ற அச்சம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. அவர்களது பாட்டன் பூட்டன் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துவந்த காட்டுப்பாதையில் வாந்திபேதியால் விழுந்தவர்கள் கணக்கில் அடங்கார். பின்னர் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்கள் அமைத்து, ஆட்களை நாட்கணக்கில் அடைத்துவைத்து, அம்மைப்பால் கட்டி அனுப்பினார்கள். முகாம் யாருடைய பாதுகாப்புக்காக என்று கேட்டுப் பார்த்தால், வந்தவர்களுக்காக என்பதைவிடத் தோட்டங்களுக்காகவும் இத்தீவின் ஏனையோருக்காகவும் என்பதே பொருந்தும் விடையாகத் தோன்றுகிறது.

ஹவ்கின் பெயரை மேலே குறிப்பிட்டேன். அவர் 1894இல் கல்கத்தாச் சேரிகளில் வாந்திபேதித் தடுப்பூசியை ஏற்றினார். 1895இல் அஸாமுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு ஏற்றினார். இந்தியாவில் அவரது முதற் சுற்றில் ஊசி பெற்றவர் நாற்பதாயிரத்துக்கும் மேல். ஊசி போட்டவர், போடாதவர் என்று பிரித்து எண்ணிப் பார்ப்பது அவர் முறை. விஞ்ஞானத்துக்கு அது நல்ல முறை. ஹவ்கின் நேர்மையானவர், ஊசியை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டவர். ஆனால் துரையின் அழைப்பின்பேரில் வந்த வைத்தியரிடம் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் நிலையில் ஒரு தோட்டக் கூலி இருந்தாரா? அஸாமின் இடத்தில் ஊவாவை வைத்துப் பாருங்கள், கேள்வி மாறாது. பெரிய கங்காணி வரிசையில் நிறுத்தினால் நிற்பதே வழக்கம்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலருடன் எனக்குக் கருத்து வேறுபாடு. 'வெறுங்கல மருந்து மலையகத்துக்கே பொருத்தமானது, ஆகவே மலையகத்திலேயே பரீட்சிக்கட்டும்' என்றார் ஒருவர். வேண்டவே வேண்டாம் என்கிறேன். முதற்கட்டப் பரிசோதனைக்கு வேண்டியது, மறுக்கவும் இடையில் விலகவும் வழக்காடவும் வல்ல ஆட்கள். சிட்னிக்காரர்கள் தம் நாட்டாரிடமே முதலில் பரீட்சித்தார்களே, அது முறையானது. வேறு இடங்களில் ஆபத்தில்லை என்று நிறுவப்பட்டு, இங்கு பலன் தருமா என்று பார்க்கவேண்டிய கட்டம் வரும்போது தோட்டத்தாரைச் சேர்க்கட்டும். அப்போது தமிழில் எழுதிய ஒப்புதற் பத்திரமும், அதை வாசித்து விளங்கப்படுத்த தோட்ட நிருவாகத்தைச் சேராத ஒருவரும் இருக்கவேண்டும்.

மற்றொரு நண்பர் இடதுசாரி. 'முதலில் நல்ல தண்ணீரையும் மலசலகூடத்தையும் கொடுக்கட்டும், மருந்தெல்லாம் பிறகு' என்பது அவர் கட்சி. பாதி சரி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலர்தூளாக வரும் வாய்வழி மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பதானால் தண்ணீரில் கரைத்தாகவேண்டும். எந்தத் தண்ணீரில்? பீலித் தண்ணீரில் கரைத்தால் மருந்தும் கிருமியும் ஒரே கோப்பையில் போகும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்தோடும் சுத்தமான திரவத்தையும் அனுப்பவேண்டும். அப்படி அனுப்பினால் பாரமும் செலவும் ஏறும், குளிர்ப்பெட்டியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இதிலே போய்விடும். வியன்னாக் கட்டுரைகளை வாசிக்கும்போது இப்படியொரு சிக்கல் நமக்குத் தோன்றுவதில்லை, தோட்டத்தில் ஒரு நாள் நின்றால் தோன்றிவிடும். ஆனால் தண்ணீர் வரும்வரை மருந்து வேண்டாம் என்பதை நான் ஒப்பமாட்டேன். குழாய் வருமென்ற வாக்குறுதியை நான் இத்தொழிலுக்கு வந்த காலந்தொட்டு ஒவ்வொரு தேர்தலிலும் செய்தியாக எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் அதுவரை காத்திருக்க இயலாது.

அப்படியானால் இந்நாட்டில் நாம் செய்யக்கூடியது ஏதுமுண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். அது மனிதரில் அல்ல, மாட்டில் தொடங்கவேண்டும்.

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கினால் உலர்வலயம் தொடங்கிவிடும். உலர்வலயத்து எருமைகளையும் மாடுகளையும் கொல்லும் ஒரு நோய் உண்டு. தமிழ்நாட்டில் தொண்டை அடைப்பான் என்பார்கள். பாஸ்டுரெல்லா என்ற பற்றீரியாவால் வருவது. மாலையில் தீனெடுக்க மறுத்த எருமை மறுநாள் காலையில் செத்துக்கிடக்கும். 1950களின் நடுவில் இந்நாட்டில் இந்நோய் ஆயிரக்கணக்கான கால்நடைகளை வாரிக்கொண்டு போனது. அதன்பின் இந்நோய் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வாளர் ஒருவர் நம் நாட்டில் உருவானார். எம். சி. எல். டி அல்விஸ் என்ற அம்மிருக வைத்தியர் 1999இல் எழுதிய நூலை அவுஸ்திரேலிய அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. பேராதனையை அடுத்த கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தில் இத்துறையில் தலைமுறை அனுபவம் திரண்டிருக்கிறது. இப்போதுள்ள தடுப்பூசிகளில் படிகாரம் சேர்த்தது சில மாதங்களே காக்கும். எண்ணெய் சேர்த்தது ஓராண்டளவு காக்கும், ஆனால் அது குழம்பு போலத் தடித்திருப்பதால் ஊசியில் ஏற்றுவதற்கே கால்நடை உத்தியோகத்தர்கள் சலித்துக்கொள்வார்கள்.

இதே பாஸ்டுரெல்லாவின் வெறுங்கலங்களை வியன்னாக் குழுவினர் தயாரித்து எலியிலும் முயலிலும் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். அதன் உறவுக் கிருமியொன்றின் வெறுங்கலங்களை மாட்டிலும் சோதித்தார்கள். எனவே பாதை ஓரளவு வெட்டப்பட்டிருக்கிறது. நோய் இங்கே இருக்கிறது, அதை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், கால்நடைக்கான ஒழுங்குவிதி மனிதருக்கானதைவிட எளிது, தவறினால் இழப்பு ஒரு மாடு. குளிரூட்டி தேவைப்படாத மருந்தொன்றை நம் கைகளாலேயே செய்யப் பழகிவிட்டால், நாளைக்கு வேறொருவர் மனிதருக்கான வெறுங்கல மருந்தோடு வரும்போது, அதை எடைபோடத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருப்பார்கள். வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து ஒப்பமிடுவதோடு நம் வேலை முடியாது.

இதில் நான் தவறியிருக்கவும் கூடும். பேராதனை மிருக வைத்திய பீடத்திலோ கன்னொறுவையிலோ பணிபுரியும் வாசகர்கள், பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்கள் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், இது இயலுமா, என்ன செலவாகும், என்ன தடை என்று தயவுசெய்து எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் ஒரு சொல்லும் குறைக்காமல் இதே இடத்தில் வெளியிடுவேன். ஊவாவில் குடும்பநல உத்தியோகத்தர்களாக உள்ள சகோதரிகளும் எழுதலாம். இப்போது உங்கள் பெட்டியில் பனிக்கட்டி எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது, டித்வாவுக்குப் பின்னர் எத்தனை லயங்களுக்கு நடந்தே போகவேண்டியிருக்கிறது என்று உங்கள் வாயாலேயே அறிய விரும்புகிறேன்.